137 என்ற எண் மாறுகிறதா? 25 ஆண்டுகளாக ஆதிகால ஒளியில் விடை தேடும் விஞ்ஞானிகள்

இருண்ட ஆற்றல் எனப்படும் டார்க் எனர்ஜி காலத்தால் மாறாதது என்றுதான் கால் நூற்றாண்டாக வானியலாளர்கள் கணக்குப் போட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் அந்தக் கணக்கின் மேல் ஒரு சந்தேகம் விழுந்தது.

அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட 'டெசி' என்ற கருவி, சுமார் 1.5 கோடி விண்மீன் மண்டலங்களையும் குவாசர்களையும் அளந்த தரவுகள் அப்போது வெளியாகின. மற்ற அளவீடுகளோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, பிரபஞ்சத்தை வேகமாக விரியவைக்கும் இந்த ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகி வரலாம் என்ற குறிப்பு தெரிந்தது. எந்தத் தரவுகளோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலிமை 2.8 முதல் 4.2 சிக்மா. இயற்பியலில் 'கண்டுபிடிச்சிட்டோம்' என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும்.

இன்னும் உறுதியாகவில்லை. ஆனா, கேள்வி கிளம்பிவிட்டது. மாறாது என்று நம்பிய ஒன்று மாறுகிறது என்றால், பாடப்புத்தகத்தில் 'மாறிலி' என்று அச்சிட்டு வைத்திருக்கும் மற்ற எண்கள்? 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அவை இதே எண்கள்தானா?

இதே கேள்விக்கு 'ஆமாம், மாறியிருக்கு' என்று ஒரு குழு ஏற்கெனவே ஒருமுறை அறிவித்தது. அதற்கும் 4.2 சிக்மா வலிமை இருந்தது. அது என்ன ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால், இப்போது வரும் செய்திகளை எப்படிப் படிப்பது என்பதும் புரியும்.

முதல்ல, எந்த எண்?

மாறிலி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒளியின் வேகம். நொடிக்கு 29,97,92,458 மீட்டர். இது மாறுகிறதா என்று கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1983 முதல் 'ஒரு மீட்டர்' என்பதையே ஒளியின் வேகத்தை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறோம். ஜவுளிக்கடையில் துணியும் சுருங்கி, அதை அளக்கிற மீட்டர் கோலும் அதே அளவு சுருங்கினால், கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டு மீட்டர் துணி அப்போதும் இரண்டு மீட்டர்தான்.

அதனால் இயற்பியலாளர்கள் மீட்டர், கிலோ, நொடி எதுவும் ஒட்டாத வெறும் எண்களைத் தேடுகிறார்கள். எந்த அலகில் அளந்தாலும், எந்தக் கிரகத்தில் அளந்தாலும் ஒரே மதிப்பு வரும் எண்கள். அவற்றில் இரண்டு முக்கியம்.

ஒன்று, நுண்கட்டமைப்பு மாறிலி. சுருக்கமாக ஆல்ஃபா. மின்காந்த விசை எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லும் எண் இது. மதிப்பு, 1-ஐ 137.036-ஆல் வகுத்தால் வருவது. 1916-ல் ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் இதை அறிமுகப்படுத்தினார். ஏன் 137? தெரியாது. எந்தக் கோட்பாடும் இந்த எண்ணைக் கணக்குப் போட்டுத் தருவதில்லை, அளந்துதான் தெரிந்துகொள்கிறோம். இந்த எண்ணைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்த நோபல் விஞ்ஞானி உல்ஃப்காங் பவுலி, 1958-ல் ஜூரிச் மருத்துவமனையில் இறந்தபோது அவர் இருந்த அறையின் எண் 137. தற்செயல்தான், ஆனாலும் இயற்பியலாளர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இரண்டாவது, புரோட்டான் எலக்ட்ரானைவிட எத்தனை மடங்கு கனமானது என்ற எண். 1836.15.

மாறினா நமக்கென்ன?

நியாயமான கேள்வி. அணுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி அமர்கின்றன, எந்த அணு எதோடு சேரும், தண்ணீர் ஏன் தண்ணீராக இருக்கிறது என்பதெல்லாம் இந்த எண்களின் பிடியில் இருக்கிறது. ஆல்ஃபா சில சதவீதம் மாறியிருந்தாலே நட்சத்திரங்களுக்குள் கார்பனும் ஆக்சிஜனும் உருவாகும் விதம் தடம் புரண்டிருக்கும் என்று கணக்குகள் சொல்கின்றன.

ஆனால் விஞ்ஞானிகள் இப்போது தேடுவது சதவீதக் கணக்கில் வரும் மாற்றத்தை இல்லை. 10 லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் உங்கள் வீட்டு பல்பு அணையப் போவதில்லை. விஷயம் வேற. இந்த எண் ஒரு துளி நகர்ந்திருந்தாலும், இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒரு புலம் பிரபஞ்சம் முழுக்கப் பரவி, அணுக்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இயற்கையில் இன்னொரு விசை இருக்கிறது என்று அர்த்தம். எங்கே, எப்போது சோதனை செய்தாலும் இயற்பியல் விதிகள் ஒன்றே என்பது ஐன்ஸ்டைனின் பொது சார்பியலுக்கு அடித்தளமான கருத்துகளில் ஒன்று. அதில் விரிசல் விழும்.

டிராக் போட்ட கணக்கு, டெல்லர் காட்டிய கடல்

மாறிலிகள் மாறலாம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் பிரிட்டன் இயற்பியலாளர் பால் டிராக். 1937-ல். புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைவிட எத்தனை மடங்கு பெரியது என்று பார்த்தால், ஒன்றுக்குப் பின்னால் 39 சுழியங்கள் போடவேண்டிய அளவில் ஒரு எண் வரும். பிரபஞ்சத்தின் வயதை அணு அளவிலான நேர அலகில் எழுதினாலும் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு எண். இது தற்செயலாக இருக்க முடியாது என்றார் டிராக். பிரபஞ்சத்துக்கு வயது கூடக்கூட ஈர்ப்பு மாறிலி குறைந்துகொண்டே வரவேண்டும் என்பது அவர் முடிவு.

1948-ல் எட்வர்ட் டெல்லர் இதற்குச் சொன்ன பதில் இன்றும் ரசிக்கத்தக்கது. ஈர்ப்பு முன்பு வலுவாக இருந்திருந்தால் சூரியன் இன்னும் பிரகாசமாக எரிந்திருக்கும். பூமியும் சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றியிருக்கும். சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் கொதிநிலையை நெருங்கியிருக்கும். ஆனா, அந்தக் காலத்துப் பாறைகளில் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் இருக்கே!

சூரியனின் வயது, பிரபஞ்சத்தின் வயது பற்றிய அன்றைய புரிதல் வேறு என்பதால் டெல்லரின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வழி காட்டியது அவர்தான்: பழையது ஏதாவது கிடைத்தால், அதில் விதிகளின் பழைய மதிப்பு பதிந்திருக்கும்.

200 கோடி ஆண்டுக்கு முந்தைய அணு உலை

அப்படிப் பழையது ஒன்று 1972-ல் ஆப்பிரிக்காவில் கிடைத்தது. பிரான்ஸின் பியர்லாட் யுரேனியம் ஆலையில் வழக்கமான சோதனை. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 எப்போதும் 0.720 சதவீதம் இருக்கும். உலகத்தில் எங்கே தோண்டினாலும் இதே அளவுதான். ஆனால் ஒரு மாதிரியில் 0.717 என்று வந்தது. யாராவது திருடிட்டாங்களா என்ற அளவுக்குக் கவலைப்படவேண்டிய வித்தியாசம் அது. பின்தொடர்ந்து போனால், காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்கத்தில் போய் நின்றது.

அங்கே நடந்தது இதுதான். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு யுரேனியம்-235 இப்போதைவிட அதிகமாக, ஏறத்தாழ 3 சதவீதம் இருந்தது. நிலத்தடி நீர் உள்ளே புகுந்ததும் யுரேனியப் படிவம் தானாகவே அணு உலையாக எரியத் தொடங்கியது. மனிதர் கைபடாத அணு உலை.

1976-ல் சோவியத் இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஷ்லியாக்டர் இதில் ஒரு வாய்ப்பைப் பார்த்தார். சமேரியம்-149 என்ற அணு, நியூட்ரான்களை ஆவலோடு விழுங்கும். அதற்குக் காரணம், ஒரு குறிப்பிட்ட ஆற்றல் மட்டம் மிகத் துல்லியமாக ஒத்துப்போவது. ஆல்ஃபா கொஞ்சம் வேறாக இருந்தாலும் அந்த ஒத்திசைவு கலைந்துவிடும். ஓக்லோ பாறையில் சமேரியம்-149 எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கும் மாறிவிடும். 1996-ல் திபோ தமூரும் ஃபிரீமேன் டைசனும் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். 200 கோடி ஆண்டுகளில் ஆல்ஃபா மாறியிருந்தால், அது ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குக்கு உள்ளேதான்.

அந்தப் பாறையே இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது. ஆனாலும் 200 கோடி ஆண்டு என்பது பிரபஞ்சத்தின் வயதில் ஏழில் ஒரு பங்குதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்க வானத்தைத்தான் பார்க்கவேண்டும்.

ஒளியில் இருக்கும் பார்கோடு

குவாசர் என்பது தொலைதூர விண்மீன் மண்டலத்தின் நடுவில், ராட்சதக் கருந்துளையைச் சுற்றிக் கொழுந்துவிட்டு எரியும் பகுதி. அதன் ஒளி நம்மிடம் வரும் வழியில் வாயு மேகங்களைக் கடக்கும். மேகத்தில் இருக்கும் இரும்பு, மக்னீசியம் போன்ற அணுக்கள் தங்களுக்குரிய நிறத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஆங்காங்கே கருப்புக் கோடுகள். சூப்பர் மார்க்கெட் பார்கோடு மாதிரி.

பிரபஞ்சம் விரிவதால் இந்தப் பார்கோடு ரப்பர் பட்டை போல நீளும். எல்லாக் கோடுகளும் ஒரே விகிதத்தில் நகரும் என்பதால் அதைக் கழித்துவிடலாம். ஆல்ஃபா மாறியிருந்தால் கதை வேறு. லேசான மக்னீசியத்தின் கோடுகள் அவ்வளவாக அசையாது. கனமான இரும்பின் கோடுகள் அசையும். இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளியை ஆய்வகத்தில் அளந்த இடைவெளியோடு ஒப்பிட்டால், மேகம் இருந்த காலத்து ஆல்ஃபா தெரிந்துவிடும். மேகம்தான் இங்கே சாட்சி. குவாசர் அதன் பின்னால் பிடித்த டார்ச் லைட், அவ்வளவுதான்.

சொல்வதற்கு எளிது. ஆல்ஃபா 10 லட்சத்தில் ஒரு பங்கு மாறினால் இரும்புக் கோடு எவ்வளவு நகரும்? நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் அந்த வாயு நகர்ந்தால் எவ்வளவு நகருமோ அவ்வளவு. மணிக்கு 72 கிலோமீட்டர். பைபாஸில் போகும் அரசு பஸ்ஸின் வேகம். கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் மேகத்தில், பஸ் போகிற வேகத்தை அளக்கவேண்டும்.

'மாறியிருக்கு' என்ற அறிவிப்பு

1999-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வெப், விக்டர் ஃபிளம்பாம் உள்ளிட்டோர் இந்த முறையை ஹவாயின் கெக் தொலைநோக்கித் தரவுகளில் பயன்படுத்தினார்கள். கிடைத்த பதில் பூஜ்யம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் 140-க்கும் மேற்பட்ட வாயு மேகங்களைப் பார்த்த பிறகும் அதே பதில்: பண்டைய பிரபஞ்சத்தில் ஆல்ஃபா இன்றைவிட 10 லட்சத்தில் சுமார் 6 பங்கு குறைவு.

உலகம் முழுக்க இது செய்தியானது. உண்மையாக இருந்தால் நோபல் பரிசுக்குரிய விஷயம். அதனாலேயே மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது.

2004-ல் வந்த எதிர்ப்பதிலில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு. புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்தின் ஆர்.ஸ்ரீஆனந்த், ஹம் சந்த் ஆகியோர், பிரான்ஸின் பாட்ரிக் பெட்டிஜான் முதலானோருடன் சேர்ந்து, சிலி நாட்டில் இருக்கும் வி.எல்.டி. தொலைநோக்கியின் தரவுகளை அலசினார்கள். 23 வாயு மேகங்கள். பதில்: பிழை வரம்புக்குள் மாற்றம் எதுவும் இல்லை.

விடவில்லை ஆஸ்திரேலியத் தரப்பு. வெப் குழுவின் மைக்கேல் மர்ஃபி அதே தரவை எடுத்து மறுபடி அலசி, புனே குழுவின் பிழைக் கணக்கு சரியில்லை என்றார். 2007-ல் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் ஒரு விமர்சனம், அதற்கு அடுத்த பக்கத்திலேயே ஒரு பதில். டிவி விவாத மேடை மாதிரி சத்தம் இல்லை, ஆனா சூடு அதே அளவு.

அடுத்தது இன்னும் வினோதம். வெப் குழு, வி.எல்.டி. தரவுகளைத் தாங்களே பெரிய அளவில் அலசியபோது, தென் வானத்தில் ஆல்ஃபா முன்பு கூடுதலாக இருந்ததாகத் தெரிந்தது. கெக் பார்த்த வட வானத்தில் குறைவு, வி.எல்.டி. பார்த்த தென் வானத்தில் கூடுதல். அப்படியானால் ஆல்ஃபா காலத்தால் இல்லை, இடத்தால் மாறுகிறது. வானத்தின் ஒரு திசையில் ஏறி, எதிர்த் திசையில் இறங்குகிறது என்று 2011-ல் வெளியான கட்டுரை சொன்னது. புள்ளியியல் வலிமை, 4.2 சிக்மா.

இங்கே ஒரு நெருடல் உண்டு. வடக்கே ஒரு தொலைநோக்கி, தெற்கே ஒரு தொலைநோக்கி. இரண்டும் எதிரெதிர் பதில் தருகின்றன. மாறுவது பிரபஞ்சமா, இல்ல, தொலைநோக்கியா?

அளவுகோலே வளைந்திருந்தது

விடை 2010-களின் நடுவில் தெளிவானது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், ஆரம்பத்தில் 'மாறியிருக்கு' என்று சொன்ன குழுவில் இருந்த அதே மைக்கேல் மர்ஃபி.

தொலைநோக்கியில் வரும் ஒளியின் அலைநீளத்தை அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். தோரியமும் ஆர்கானும் நிரப்பிய ஒரு விளக்கின் ஒளியைத்தான் அதற்குப் பயன்படுத்தினார்கள். சிக்கல் எங்கே என்றால், குவாசரின் ஒளி தொலைநோக்கி வழியாகக் கருவிக்குள் நுழைகிறது. விளக்கின் ஒளி வேறு வழியாக நுழைகிறது. இரண்டும் அச்சு அசலாக ஒரே பாதையில் போவதில்லை.

ஜொனாதன் விட்மோரும் மர்ஃபியும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சூரிய ஒளியைப் பிரதிபலிக்கும் சிறுகோள்கள், சூரியனைப் போலவே இருக்கும் நட்சத்திரங்கள் ஆகியவற்றை அதே தொலைநோக்கிகள் பார்த்த தரவுகளை எடுத்தார்கள். சூரியனின் நிறமாலை நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். ஒப்பிட்டபோது, அலைநீள அளவுகோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல வளைந்திருந்தது. நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்துக்குச் சமமான வளைவு. தேடிய பஸ்ஸின் வேகமோ நொடிக்கு 20 மீட்டர்! 2015-ல் வெளியான அவர்களது கட்டுரை, வி.எல்.டி. காட்டிய மாற்றத்தை இந்த வளைவே விளக்கிவிடும் என்றது. கெக் காட்டிய மாற்றத்தை ஓரளவுதான் விளக்கும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. வெப் குழு பொய் சொல்லவில்லை, அவசரப்படவும் இல்லை. நூற்றுக்கணக்கான மேகங்களை அளந்தார்கள், பல பிழைகளைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். அவர்கள் போட்ட சிக்மா கணக்கிலும் தப்பு இல்லை. ஆனால் சிக்மா என்பது தற்செயலாக நேரும் தடுமாற்றத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். மீட்டர் கோலே வளைந்திருந்தால், 10 முறை அளந்தாலும் 300 முறை அளந்தாலும் அதே தவறு, இன்னும் கூடுதல் நம்பிக்கையோடு வரும். டெசியின் 4.2 சிக்மாவைப் பார்க்கும்போதும் விஞ்ஞானிகள் தயங்குவது இதனால்தான். டெசி அளப்பது வேறு, முறையும் வேறு. அதோடு சேர்க்கும் சூப்பர்நோவா தரவுகளின் அளவுகோல் சரியாக இருக்கிறதா என்பதில்தான் இப்போது விவாதம் சூடாக நடக்கிறது.

காபி பெயரில் ஒரு கருவி

வளைந்த கோலுக்குப் பதில் நேரான கோல் வேண்டும். 2018-ல் வி.எல்.டி.-யில் 'எஸ்பிரஸ்ஸோ' என்ற கருவி வேலையைத் தொடங்கியது. வெப்பம், அழுத்தம் எதுவும் அசைக்காதபடி வெற்றிடக் கலனுக்குள் வைக்கப்பட்ட கருவி இது. அளவுகோலாக விளக்கு மட்டும் இல்லை. லேசர் அதிர்வெண் சீப்பு என்ற தொழில்நுட்பமும் இருக்கிறது. சீப்பின் பற்கள் போல, சம இடைவெளியில் ஆயிரக்கணக்கான ஒளிக்கோடுகளை உருவாக்கும் லேசர். அதன் பற்கள் அணுக்கடிகாரத்தோடு கட்டப்பட்டவை.

2022-ல் மர்ஃபி தலைமையிலான குழு, தென் வானத்தின் மிகப் பிரகாசமான குவாசர்களில் ஒன்றின் முன்னால் இருக்கும் வாயு மேகத்தை இந்தக் கருவியால் அளந்த முடிவை வெளியிட்டது. ஒளி கிளம்பி சுமார் 850 கோடி ஆண்டுகள். அலசல் முடியும்வரை விடை என்ன என்பது அலசுகிறவர்களுக்கே தெரியாதபடி தரவில் மாற்றம் செய்து மறைத்து வைத்திருந்தார்கள். 'இப்படி வந்தா நல்லா இருக்கும்' என்ற ஆசை கணக்கில் கலந்துவிடக் கூடாது இல்லையா?

திறந்து பார்த்தபோது: மாற்றம் 10 லட்சத்தில் 1.3 பங்கு, பிழை வரம்பும் 1.3 பங்கு. அதாவது, பூஜ்யத்தோடு ஒத்துப்போகிறது.

அதே ஆண்டு நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் இன்னொரு முடிவு. சூரியனைப் போன்ற 17 நட்சத்திரங்கள், 160 ஒளியாண்டுக்குள். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் ஆல்ஃபா மாறுகிறதா என்று பார்த்தார்கள். 2 கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. இது பழைய காலத்தைப் பற்றிச் சொல்லாது. நம் அக்கம்பக்கத்தில் எண் ஒன்றுதான் என்று மட்டும் சொல்லும்.

ஜான் வெப் தரப்பு இன்னும் ஆட்டத்தை விட்டு வெளியேறவில்லை. மனிதர் கை படாமல் நிறமாலையை அலச செயற்கை நுண்ணறிவு அடிப்படையிலான மென்பொருளை உருவாக்கி, 1,300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குவாசர் ஒளிவரை போய்ப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான அந்த அளவீடும் தனியாகப் பார்த்தால் மாற்றமின்மையோடு ஒத்துப்போவதுதான்.

மெத்தனால் சொல்லும் சாட்சி

1836.15 என்ற இன்னொரு எண்ணின் கதையும் கிட்டத்தட்ட இதே தடத்தில் போனது. 2006-ல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை வைத்து, அந்த எண் மாறியிருக்கிறது என்று ஒரு அறிவிப்பு வந்தது. பின்னால் வந்த அளவீடுகளில் அது நிற்கவில்லை.

உறுதியான பதில் எதிர்பாராத ஒரு பொருளிலிருந்து வந்தது. கள்ளச்சாராயச் செய்திகளில் அடிபடும் அதே மெத்தனால். இந்த மூலக்கூறின் ஒரு பகுதி, மற்ற பகுதியோடு ஒப்பிட கதவுக் கீல் போலத் திரும்பும். அந்தத் திருப்பம், புரோட்டான்-எலக்ட்ரான் எடை விகிதம் துளி மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மனியின் 100 மீட்டர் எஃபல்ஸ்பெர்க் ரேடியோ தொலைநோக்கி, சுமார் 700 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய விண்மீன் மண்டலத்தில் மெத்தனாலைக் கவனித்தது. 2013-ல் வந்த முடிவு: ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்குள் மாற்றம் இல்லை.

பழைய ஒளி வேண்டாம், நல்ல கடிகாரம் போதும்

இன்னொரு தரப்பு வானத்தையே பார்ப்பதில்லை. இரண்டு வெவ்வேறு அணுக்கடிகாரங்களை அருகருகே வைத்து ஓடவிடுகிறார்கள். ஆல்ஃபா மாறினால் இரண்டும் வெவ்வேறு அளவு பாதிக்கப்படும், ஒன்று முந்தும். ஜெர்மனியின் தேசிய அளவீட்டு நிறுவனமான பி.டி.பி., இட்டெர்பியம் அயனியின் இரண்டு துடிப்புகளை இப்படிப் பல ஆண்டுகள் ஒப்பிட்டது. 2021-ல் வந்த முடிவுப்படி, ஆண்டுக்கு ஆல்ஃபாவில் வரும் மாற்றம், ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியங்கள் கொண்ட எண்ணில் ஓரிரு பங்கைத் தாண்டாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் 850 கோடி ஆண்டுகள் ஓடினாலும் மொத்த மாற்றம் சில கோடியில் ஒரு பங்கைத் தாண்டாது. குவாசர் அளவீட்டைவிடத் துல்லியம். பிறகு ஏன் குவாசர்? ஏனென்றால், மாற்றம் ஒரே சீராகத்தான் நடக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது மாறிவிட்டு, இருண்ட ஆற்றல் கை ஓங்கிய பிறகு நின்றுபோயிருக்கலாம். அந்தக் காலத்தைக் கடிகாரத்தால் பார்க்க முடியாது.

டிராக் சந்தேகப்பட்ட ஈர்ப்பு மாறிலிக்கும் இப்போது விடை உண்டு. அப்பல்லோ வீரர்கள் 1969 முதல் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள்மீது பூமியிலிருந்து லேசர் அடித்து, நிலவின் தூரத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஈர்ப்பு குறைந்தால் நிலவின் பாதை அதைக் காட்டிவிடும். ஆண்டுக்கு 10 லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவில்கூட மாற்றம் தென்படவில்லை.

அடுத்து என்ன?

இருண்ட ஆற்றல் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது வெற்றிடத்தின் நிலையான குணமாக இருக்க முடியாது. மெல்ல மெல்ல உருளும் ஒரு புலமாக இருக்கவேண்டும். அப்படி ஒரு புலம் இருந்தால், அது ஒளியையும் அணுக்களையும் தொடாமல் ஒதுங்கியே இருக்கும் என்று நம்ப வலுவான காரணம் இல்லை. தொட்டால், ஆல்ஃபா நகரவேண்டும். நகரவில்லை என்ற ஒவ்வொரு அளவீடும் அந்தப் புலம் எவ்வளவு பலவீனமாகத் தொடலாம் என்பதற்கு எல்லை போடுகிறது. 'எதுவும் கிடைக்கலை' என்ற முடிவுகளைக் கோட்பாட்டாளர்கள் இவ்வளவு கவனமாகப் படிப்பது அதற்காகத்தான்.

பிரபஞ்சம் விரியும் வேகத்தை இரண்டு வழிகளில் அளந்தால் இரண்டு விடை வருகிறதே, அந்தப் பிரபலமான சிக்கலுக்கும் இதில் ஒரு கிளை உண்டு. முதல் அணுக்கள் உருவான காலத்தில் எலக்ட்ரான் இன்றைவிடச் சற்றே கனமாக இருந்திருந்தால் அந்த முரண்பாடு தணியும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதுவும் மாறிலி மாறிய கதைதான்.

இரண்டு கருவிகள் இந்த வழக்கை நகர்த்தக்கூடும். சிலியில் கட்டப்பட்டு வரும் 39 மீட்டர் விட்டமுள்ள ராட்சதத் தொலைநோக்கி ஒன்று. இந்தப் பத்தாண்டின் இறுதியையொட்டி முதல் ஒளியைப் பிடிக்கத் திட்டம். அதற்கெனத் திட்டமிடப்பட்டுள்ள 'ஆண்டிஸ்' நிறமாலைமானியின் வேலைகளில் ஆல்ஃபா அளவீடும் உண்டு. இப்போது ஒரு பிரகாசமான குவாசரில் செய்வதைப் பல குவாசர்களில் செய்ய முடியும்.

இன்னொன்று, தோரியம்-229 அணுக்கருக் கடிகாரம். 2024-ல் ஜெர்மனி-ஆஸ்திரியக் குழு லேசரால் இந்த அணுக்கருவைத் தட்டி எழுப்பியது. சில மாதங்களில் அமெரிக்காவின் போல்டரில் ஜுன் யே குழு அதன் துடிப்பை ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தது. இந்த அணுக்கருவுக்குள் மின்விசையும் அணுக்கரு விசையும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு, மிஞ்சிய துளி ஆற்றல்தான் வெளியே தெரிகிறது. மாதம் ஒரு லட்சம் ரூபாய் வரவு, 99,990 ரூபாய் செலவு என்று வையுங்கள். கையில் மிச்சம் 10 ரூபாய். செலவில் வெறும் 5 ரூபாய் கூடினாலும் மிச்சம் பாதியாகிவிடும். அதே போல ஆல்ஃபாவில் நேரும் நுண்ணிய அசைவு, தோரியம் கடிகாரத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது இன்னும் முழுக் கடிகாரமாக ஓடத் தொடங்கவில்லை. இப்போதைக்கு அந்தத் துடிப்பு எத்தனை என்பதை ஆய்வகங்கள் கூடுதல் துல்லியத்தோடு அளந்துகொண்டிருக்கின்றன.